செத்தவீடும் நாலு மணி மட்சும்

"எத்தனை மணிக்கு எடுக்கிறது?" என்று தயாபரன் கேட்டது இது நாலாவது தடவை.

முதல் மூன்று தடவையும் செத்தவீட்டுக்கு வந்திருந்தவர்கள் அவனுடைய பொறுப்பை மெச்சினார்கள். ஊர் மரண சகாயச் சங்கத்தின் செயலாளர் அல்லவா, கேட்கத்தானே வேண்டும். நாலாவது தடவை, பெட்டியின் தலைமாட்டில் இருந்த, செத்தவரின் மனைவி விமலேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு மணிக்கெண்டு சொன்னனே தம்பி. தர்ஷன் கனடாவில வேலை முடிஞ்சு வீட்ட வந்துதான் போனில பாக்கலாமாம். எனக்கு மிஞ்சினது அந்த ஒரு பிள்ளை. அவன் தேப்பன்ர முகத்தைப் பாக்காமல் எப்பிடி எடுக்கிறது?"

"ஓம் மாமி, அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தயாபரன் முற்றத்துக்கு வந்தான்.

அன்று பின்னேரம் நாலு மணிக்குக் கிளிநொச்சி மைதானத்தில் றக்பி இறுதிப் போட்டி. ஒரு பக்கம் முள்ளியவளை. மறுபக்கம் அக்கராயன். அக்கராயன் அணிக்குக் கப்டன் தயாபரன். அவனுக்கு முப்பத்து மூன்று வயது, வலது முழங்கால் ஏற்கெனவே சொல்வழி கேட்பதில்லை. இந்த வருடம் விட்டால் அவனுக்கு இன்னொரு இறுதிப் போட்டி இல்லை என்பது முழங்காலுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நேரத்துக்குப் பதினைந்து பேர் மைதானத்தில் நிற்காவிட்டால் கிண்ணம் விளையாடாமலே முள்ளியவளைக்குப் போய்விடும்.

அக்கராயனில் றக்பி விளையாடுகிறவர்கள் மொத்தம் பதினேழு பேர். செத்தவீட்டுக்குப் பந்தல் போடுகிறவர்கள், விறகு தறிக்கிறவர்கள், பெட்டி தூக்குகிறவர்கள் என்று எண்ணினாலும் அதே பதினேழு பேர்தான். மற்ற இளந்தாரிகள் எல்லாரும் கொழும்பிலும் கட்டாரிலும் நின்றார்கள்.

வேறு யாருடைய செத்தவீடு என்றாலும் ஏதாவது சாட்டுச் சொல்லி ஏழெட்டுப் பேரை முன்னால் அனுப்பியிருக்கலாம். இது நடராசாவின் செத்தவீடு. குளத்துக்குக் கீழே கல்லும் புற்றுமாய்க் கிடந்த தன்னுடைய மேட்டுக்காணியை "விளையாடுங்கோடா" என்று திறந்துவிட்டவர் அவர். மூத்த மகன் முள்ளிவாய்க்காலில் போன பிறகு அந்த வளவில் இளந்தாரிச் சத்தம் இல்லாமல் இருந்தது. பின்னேரங்களில் வரம்பில் குந்தியிருந்து பார்ப்பார். விளையாட்டு அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"முன்னுக்குப் போறதுக்கு ஏன்ரா பந்தைப் பின்னுக்கு எறியிறியள்?" என்று கேட்பார். விளங்கப்படுத்தினால் எல்லாம் விளங்கினமாதிரித் தலையாட்டுவார். அடுத்த நாளும் அதையே கேட்பார்.

அந்த மனுசன் வெள்ளை வேட்டி கட்டி நடுவீட்டில் கிடக்க, 'மட்சுக்கு நேரமாகுது, கெதியா எடுங்கோ' என்று வாய் திறக்க முடியுமா? திறந்தால் ஊர் காறித் துப்பும். துப்பாவிட்டாலும் அவனால் சொல்ல முடியாது. அவனுக்கு நடராசாவில் உண்மையாகவே பாசம் இருந்தது. மட்சிலும் இருந்தது. பிரச்சினையே அதுதான்.

தயாபரன் வேலியோரம் போய்த் தர்ஷனுக்குப் போன் போட்டான்.

"தம்பி, அப்பாவை இவ்வளவு நேரம் வைச்சிருக்கிறது நல்லதில்லை. வெய்யிலும் ஏறுது. பதினொரு மணிக்கு எடுப்பம். நீர் வேலையில நிண்டபடியே போனில பாரும், நான் ஒண்டும் விடாமல் காட்டுறன்."

அந்தப் பக்கம் விம்மல் கேட்டது.

"தயாண்ணை, எங்கட அப்பாவில உங்களுக்கு இவ்வளவு பாசமெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு. பதினொண்டுக்கே எடுங்கோ. ஆனா போனை நீங்கள்தான் பிடிக்கோணும். வேற ஆரும் பிடிச்சால் எனக்கு மனம் ஆறாது."

தான் வென்றுவிட்டதாகத்தான் தயாபரன் நினைத்தான். ஆனால் கடைசியில் ஒருதரம் முகம் பார்ப்பதோடு அடங்கியிருக்க வேண்டிய தர்ஷன், இப்போது தான் இரவு வேலை செய்யும் பாண் பேக்கரியின் ஒரு மூலையில் நின்று சடங்கு முழுவதையும் பார்க்கத் தொடங்கினான். அக்கராயனில் சிக்னல் வரும், போகும். போகும்போதெல்லாம் விமலேஸ்வரி கையை உயர்த்தி எல்லாரையும் நிற்பாட்டினார். வந்ததும் விட்ட இடத்தில் இருந்து திரும்பவும் செய்யச் சொன்னார். பிரேதத்தின் தலையில் எண்ணெய் வைப்பது மட்டும் மூன்று தரம் நடந்தது.

இதற்குள் இன்னொரு சிக்கல். ஊர்க் குருக்களின் மகளுக்கு முதல்நாள் பிள்ளை பிறந்து, அவருக்குத் துடக்கு, சடங்கு செய்யக்கூடாது. அணியின் முன்வரிசையில் நிற்கும் சங்கிலி, மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, ஆறடி ஆள், நெடுங்கேணிப் பக்கத்துக் குருக்கள் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தான்.

"அண்ணே, இளம் ஆளுதான். அவருக்கும் இன்னைக்கு கிளிநொச்சிப் பக்கம் ஏதோ வேலை இருக்காம். போற வழியில முடிச்சிக் குடுத்துட்டுப் போறேன்னாரு. சீக்கிரம் முடிச்சிருவாரு."

தயாபரன் சங்கிலியைக் கட்டிப்பிடிக்காத குறை.

குருக்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நாற்பது வயது மதிக்கலாம். வயிறு இல்லாத குருக்களை அந்த ஊர் அன்றுதான் கண்டது. வந்ததும் மணிக்கூட்டைப் பார்த்தார். தயாபரனுக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் சடங்கு தொடங்கியதும் அந்தக் குளிர் போய்விட்டது.

"தர்ப்பை எங்கை? இல்லையோ? எடுத்துக்கொண்டு வாங்கோ, நான் நிக்கிறன்."

"ஐயா, இஞ்ச அது இல்லாமலும் செய்யிறவை."

"இஞ்ச என்ன செய்யிறவை எண்டு நான் கேக்கேல்லைத் தம்பி. முறை எண்டால் முறை."

தர்ப்பைக்கு ஆள் போனது. சுண்ணம் இடிக்கும் சடங்கில் திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணத்தைப் படிக்கத் தொடங்கியபோது, ஒரு பாட்டை விட்டுவிட்டுத் தாண்டிய பெரியவரைக் குருக்கள் ஒரு பார்வை பார்த்தார். பெரியவர் முதல் பாட்டில் இருந்து திரும்பவும் தொடங்கினார். பதினொரு மணி எப்போதோ போயிருந்தது.

தயாபரன் நெருங்கிப் போனான். குருக்களின் காதருகே குனிந்தான்.

"ஐயா, கொஞ்சம் கெதியாப் பாக்கோணும். சுடலைக்கு இண்டைக்கு இன்னொரு பிரேதமும் வருது. அவை வர முதல் நாங்கள் முடிக்கோணும்."

"ஆர் செத்தது?"

தயாபரன் இதை எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்த முதல் வயதான பெயரைச் சொன்னான்.

"ஸ்கந்தபுரம் அன்னபாக்கியம்."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அந்த நேரம் பார்த்து ஒப்பாரி மூச்சு வாங்க நின்றிருந்தது. பெயர் பெண்கள் நடுவே போய் விழுந்தது.

"ஐயோ, என்ர அன்னம்!" என்று விமலேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டார். போரில் இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் மாத்தளன் வரைக்கும் இரண்டு குடும்பமும் ஒரே தறப்பாள் கூடாரத்தின் கீழே கிடந்தவை. தயாபரனுக்கு அது தெரியாது. பெண்கள் எல்லாரும் நடராசாவை விட்டுவிட்டு அன்னபாக்கியத்துக்காக அழத் தொடங்கினார்கள்.

தயாபரன் பதறிப்போய், "மாமி, அழாதேங்கோ, நாங்கள் இஞ்சத்த அலுவலைக் கெதியா முடிச்சுப்போட்டு..." என்றான்.

"என்னத்தைக் கெதியா முடிக்கிறது? ஒரு சட்டியில காச்சிக் குடிச்ச சனம் தம்பி. ரெண்டு பேரும் ஒரே நாளில போகக் குடுத்து வைச்சிருக்கினம். அவளின்ர பெட்டியும் வரட்டும். ரெண்டையும் ஒண்டாக் கொண்டு போவம்."

ஊர் ஒருமனதாக அதை ஏற்றுக்கொண்டது. அப்படியொரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்றுகூட ஒருவர் சொன்னார். குருக்கள் மணிக்கூட்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். அவர் நாள் நேரம் கணக்குப் பார்க்கிறார் என்று தயாபரன் நினைத்தான்.

வராத பிரேதத்துக்காக அக்கராயன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தது. தயாபரன் போனை உயர்த்திப் பிடித்தபடி நின்றான். தர்ஷன் அந்தப் பக்கத்தில் அன்னபாக்கியத்துக்காகவும் அழுதான்.

பிறகு படலையில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. அதில் இருந்து ஒரு மாலையோடு அன்னபாக்கியம் இறங்கினார்.

"என்ர நடராசாண்ணை!" என்று குழறிக்கொண்டு வந்தவரைக் கண்டு பெண்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். ஒரு கிழவர் கதிரையோடு பின்னால் சாய்ந்தார். விமலேஸ்வரி மட்டும் எழுந்து ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்து, கையை, முகத்தை, தலையைத் தடவிப் பார்த்தார். புருசன் செத்த அந்த நாளில் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. தன்னுடைய பொய்யில் இருந்து இப்படி ஒன்று பிறக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

"அது... வேற அன்னபாக்கியமாம் மாமி. நான்தான் மாறி விளங்கிப்போட்டன்" என்றான்.

குருக்கள் அவனை ஒருபக்கமாக அழைத்தார்.

"தம்பி, பேர் என்ன?"

"தயாபரன்."

"தயாபரன், இது சரியான பிழை. இனி இப்பிடி நடக்கக்கூடாது."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் தயாபரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "சரி ஐயா" என்றான். ஏன் கையைக் கட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அன்னபாக்கியம் உயிரோடு வந்த சந்தோசத்தில் ஒப்பாரி புதுப்பலத்தோடு தொடங்கியது. அது ஒருவழியாக அடங்க, கொள்ளி வைப்பவருக்கு முடி இறக்கும் வேலை வந்தது. மகன் கனடாவில் என்றபடியால் நடராசாவின் தம்பி மகன் நிரஞ்சன் கொள்ளி வைப்பதென்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். கொள்ளி வைத்தவர் வீட்டில் இருக்கவேண்டும், ஓடித் திரியக்கூடாது. நிரஞ்சன்தான் அணியில் பந்து உதைக்கிறவன். அரையிறுதியில் பாதிப் புள்ளிக்கு மேல் அவனுடைய கால்தான் எடுத்தது.

தயாபரன் போனுக்குள் குனிந்தான்.

"தர்ஷன், நிரஞ்சனுக்குக் காய்ச்சல் தம்பி. ராத்திரி முழுக்க நடுக்கம். தலையில தண்ணி வார்த்து ஈரவேட்டியோட நிண்டானெண்டால் ஆள் தாங்கமாட்டான். வேற ஆரும் பெரிய ஆளாப் பாத்து..."

"வேற ஆர் அண்ணை இருக்கினம்?" தர்ஷனின் குரல் உடைந்தது. "காலமை தொடக்கம் கை உளைய உளைய போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். பெத்த மகன் நான் பாண் அடுக்கிறன். நீங்களே கொள்ளி வையுங்கோ தயாண்ணை. அப்பாவுக்கும் அதுதான் விருப்பமா இருந்திருக்கும்."

போனின் சத்தம் கூட்டி வைத்திருந்தபடியால் எல்லாருக்கும் கேட்டது. விமலேஸ்வரி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல, கல்நெஞ்சு வேண்டும். தயாபரனிடம் அது இருக்கவில்லை.

கதிரையில் அவனை இருத்தி முடியை வழித்தார்கள். மீசையும் போனது. விழுந்த முடியைப் பார்த்தபடி அவன் குருக்களிடம் கேட்டான்.

"ஐயா, கொள்ளி வைச்ச ஆள் பின்னேரம் ஒரு அலுவலாப் போகலாமோ?"

"என்ன அலுவல்?"

உண்மை நுனிநாக்கு வரை வந்தது. பக்கத்தில் விமலேஸ்வரி நின்றார்.

"ஒரு... சின்னக் கூட்டம்."

"கூட்டம் நாளைக்கும் கூடலாம். வீட்டில இரும் தம்பி."

நிரஞ்சன் மெதுவாக வந்து காதுக்குள் சொன்னான்: "அண்ணை, எனக்குக் காய்ச்சலெண்டு அம்மா மல்லி, இஞ்சி போட்டுக் குடிநீர் அவிச்சுக்கொண்டு நிக்கிறா. வெளிய போகக்கூடாதாம். இப்ப நீங்களும் இல்லை, நானும் இல்லை."

"மிச்சம் எத்தினை?"

"பதினைஞ்சு."

சரி, பதினைந்து பேர். நான் போகாவிட்டாலும் அவங்கள் போகட்டும். தயாபரன் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டான். கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னால் பெட்டியோடு அணி வந்தது. சங்கிலி முன்பக்கத்தைத் தோளில் வாங்கியிருந்தான்.

"கெதியா விடுங்கோடா" என்று தயாபரன் திரும்பாமலே மெல்லச் சொன்னான்.

பெட்டி வேகமெடுத்தது. குளக்கட்டில் ஏறியபோது அது ஓட்டமாகவே ஆகிவிட்டது. பறை அடித்தவர்கள் பின்தங்கினார்கள். சனம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியது. குருக்கள் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டியபடி, மூச்சு வாங்காமல், பெட்டிக்குப் பக்கத்திலேயே ஓடிவந்தார். முன்னால் வந்து கையை உயர்த்தினார்.

"நில்லுங்கோ!"

பதினைந்து பேரும் அந்த இடத்திலேயே நின்றார்கள்.

"இது என்ன ஓட்டம்? ஒரு மனுசன் கடைசியாப் போறார். திரும்பக் குளக்கட்டின்ர அடிக்குப் போங்கோ. அங்கயிருந்து நடந்து வாங்கோ."

பெட்டி பின்னால் போனது. பிறகு மெதுவாக, ஒரே காலடியில், நடந்து வந்தது. ஒரு பக்கம் குளம், மறுபக்கம் நடராசாவின் காணி. கல் பொறுக்கி, புற்று வெட்டி, அவர்கள் தாங்களே செப்பனிட்ட தரை. வரம்பில் யாரும் இல்லை. தயாபரன் அந்தப் பக்கம் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் மணிக்கூட்டை யோசிக்கவில்லை. அழுதான். போனுக்காக அல்ல, போன் அப்போது சங்கிலியின் தம்பியிடம் இருந்தது.

சுடலையில் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு கொத்து. குருக்கள் ஒன்றையும் குறைக்கவில்லை. தயாபரனும் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் கொள்ளியை வைத்துவிட்டு நடந்தான்.

குளத்தில் எல்லாரும் முழுகி ஏறியபோது மணி நாலே கால். சங்கிலி படிக்கட்டில் குந்தியிருந்து தன்னுடைய பெரிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். குடிநீருக்குத் தப்பி ஓடிவந்த நிரஞ்சன், கிளிநொச்சிக்குப் போன் போட்டுப் பார்த்தான். ஒருவரும் எடுக்கவில்லை.

"கப்பை இப்பக் குடுத்திருப்பினம்" என்றான்.

குருக்களும் முழுகிவிட்டு ஏறிவந்தார். தயாபரனுக்கு அன்று முழுக்க அடக்கி வைத்திருந்தது அந்த இடத்தில் உடைந்தது.

"ஐயா, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். ஒரு கூட்டமும் இல்லை. அன்னபாக்கியம் செத்ததும் பொய், இவன்ர காய்ச்சலும் பொய். எங்களுக்கு இண்டைக்கு நாலு மணிக்கு றக்பி பைனல். அந்த மனுசன்ர காணியில பழகின விளையாட்டு ஐயா. அவரை விட்டுட்டுப் போகவும் ஏலேல்லை, அவரைக் கெதியாக் கொண்டு போகவும் ஏலேல்லை. செத்தவீட்டில விளையாட்டுக் கதை கதைக்கக் கூடாதெண்டு வாயை மூடிக்கொண்டு நிண்டன். இப்ப எல்லாம் போச்சு."

குருக்கள் தலையைத் துவட்டுவதை நிறுத்தினார். மொட்டைத் தலையோடு நின்ற கப்டனையும், ஈரத்தோடு குந்தியிருந்த மற்றப் பதினாறு பேரையும் ஒருதரம் நன்றாகப் பார்த்தார்.

"முள்ளியவளையோடயோ?"

"ஓம்."

"அப்ப அக்கராயன் ரீம் நீங்கள்தானோ?"

"ஓம் ஐயா."

குருக்கள் ஈர வேட்டியைப் பிழிந்து, உதறி, மடித்து மோட்டார் சைக்கிள் பைக்குள் வைத்தார்.

"நானும் செத்தவீட்டில விளையாட்டுக் கதை கதைக்கக் கூடாதெண்டுதான் தம்பி காலமை தொடக்கம் வாய் திறக்கேல்லை. எழும்புங்கோ எல்லாரும், நான் போய் விசில் ஊதாமல் அங்க ஆர் மட்சைத் தொடங்கிறது?"